வி.பி.சிங்குக்கு மெரினாவில் சிலை எதற்கு?

28 நவம்பர் 2023 – கேள்வி

நேற்று மாநிலக் கல்லூரியில் முதல்வர் ஸ்டாலின் வி.பி.சிங் சிலையைத் திறந்துவைத்தார். அகிலேஷ் யாதவ் வந்திருந்தார். எனக்கு ஒரு சந்தேகம். பதினோரு மாதம் பிரதமராக இருந்தவர். உத்தரப் பிரதேசத்துக்காரர். தேவிலாலை மடக்குவதற்காக பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் இட ஒதுக்கீடு கேட்ட மண்டல் ஆணைய அறிக்கையை அவசர அவசரமாகத் தூக்கிப் போட்டவர் என்றுதான் படித்திருக்கிறேன். அரசியல் கணக்குக்குச் செய்த வேலைக்குச் சிலையா? தமிழ்நாட்டில்தான் 69 சதவீத இட ஒதுக்கீடு முன்பே இருந்ததே, அவரால் நமக்கு என்ன கிடைத்தது?

28 நவம்பர், இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன் தம்பி, அது என் சொந்தக் கதை.

தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே 68 சதவீதம், 1990இல் பழங்குடியினருக்குத் தனியாக ஒரு சதவீதம் சேர்ந்து 69. சரி. ஆனால் அது மாநில அரசு வேலைக்கும் மாநிலக் கல்லூரிகளுக்கும்தான். ரயில்வே, தபால், பேங்க், இன்கம்டாக்ஸ், பெல், என்.எல்.சி., இதில் எதிலும் பிற்படுத்தப்பட்டவனுக்கு ஒரு இடம் கூடத் தனியாகக் கிடையாது. விண்ணப்பத்தில் எஸ்.சி., எஸ்.டி., முன்னாள் ராணுவத்தினர், ஊனமுற்றோர் என்று கட்டம் இருக்கும். நமக்குக் கட்டமே இருக்காது. நான் எண்பதுகளில் ஸ்டாஃப் செலக்‌ஷன் பரீட்சை எழுதி டெல்லிக்குப் போனவன். தாசில்தார் கையெழுத்துப் போட்ட ஜாதிச் சான்றிதழைப் பத்திரமாக ஃபைலில் வைத்து எடுத்துப்போனேன். அங்கே அதை யாரும் கேட்கவே இல்லை. ஊரில் பி.சி., டெல்லியில் ஓ.சி. என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம்.

அந்தக் கட்டம் வந்தது வி.பி.சிங்கால். இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

29 நவம்பர்

தேவிலால் விஷயம். கால வரிசை உங்கள் பக்கம்தான் பேசும். 1990 ஆகஸ்ட் 1, துணைப் பிரதமர் தேவிலால் நீக்கம். ஆகஸ்ட் 9, டெல்லி போட் கிளப்பில் தேவிலாலின் விவசாயிகள் பேரணி. நடுவில் 7ஆம் தேதி நாடாளுமன்றத்தில் மண்டல் அறிவிப்பு. இதைப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும், கணக்கு இருந்தது.

ஆனால் செக்‌ஷனில் ஃபைல் தள்ளியவன் இன்னொன்றையும் பார்ப்பான். 7ஆம் தேதி அறிவிப்பு, 13ஆம் தேதி ஓ.எம்., அதாவது அரசின் அலுவலக உத்தரவு, வந்துவிட்டது. எண் 36012/31/90. ஆறு நாள்! மத்திய அரசில் ஒரு மேஜை ஃபேன் வாங்க ஒப்புதல் கேட்டால்கூட அதற்கு மேல் ஆகும். ஆறு நாளில் 27 சதவீத உத்தரவு வருகிறது என்றால் ஃபைல் எப்போதோ பழுத்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படித்தான் இருந்தது. 1989 தேர்தல் அறிக்கையிலேயே மண்டல் உண்டு. ஆட்சிக்கு வந்ததும் அதைச் செயல்படுத்த ஒரு குழு போட்டார்கள். தலைவர் யார் தெரியுமா, தேவிலால்தான். அவர் அதைத் தொடவே இல்லை. நலத்துறை அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான். செயலாளர் பி.எஸ்.கிருஷ்ணன், கேரளத்துக்காரர், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தலித் மக்கள், பிற்படுத்தப்பட்டோர் பிரச்சினையையே மூச்சாக வைத்திருந்த அதிகாரி. எந்தப் பட்டியலை எடுப்பது, மாநிலப் பட்டியலும் மண்டல் பட்டியலும் ஒத்துப்போகும் ஜாதிகளிலிருந்து தொடங்கலாமா என்றெல்லாம் யோசித்து அமைச்சரவைக்கு அவர் குறிப்புத் தயார் செய்து வைத்திருந்தார். தேவிலாலும் போனார், தடையும் போனது.

தேவிலால் கோபத்தில் தேதி குறிக்கப்பட்டது, வேண்டுமானால் அப்படிச் சொல்லுங்கள். உத்தரவு கோபத்தில் எழுதியது அல்ல.

இன்னொன்று. ஓட்டுக் கணக்குக்குச் செய்தார் என்றால் அந்தக் கணக்கு மகா மோசமான கணக்கு. மூன்று மாதத்தில் ஆட்சி போனது. அடுத்த தேர்தலில் அவருடைய ஜனதா தளம் 143இலிருந்து 59க்கு வந்தது. காங்கிரஸ்காரர்களைக் கேளுங்கள், 1980 டிசம்பர் 31இல் மண்டல் கொடுத்த அறிக்கையை இந்திராவும் ராஜீவும் பத்து வருஷம் அலமாரியில் வைத்ததுதான் நல்ல கணக்கு என்பார்கள்.

1 டிசம்பர்

“நீங்கள் டெல்லியில் இருந்தீர்களே, அந்த ஆகஸ்ட்-செப்டம்பர் எப்படி இருந்தது” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நீளமாகத்தான் வரும்.

எங்கள் செக்‌ஷனில் (எந்த அமைச்சகம் என்பது வேண்டாம்) மதியம் ஒரு மணிக்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். பஞ்சாபி செக்‌ஷன் ஆபீசர், இரண்டு வங்காளிகள், கர்வாலி ஒருவர், பீகார் யாதவ் ஒருவர், நான். என் புளியோதரைக்கு அங்கே தனி மவுசு. நான் சாப்பிட்டதைவிட அவர்கள் சாப்பிட்டதுதான் அதிகம். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து மேஜைகள் அதனதன் இடத்திலேயே நின்றன. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. பீகார்காரர் வெளியே டீக்கடைக்குப் போய்விடுவார். மற்றவர்கள் கேன்டீன். ஒரு நாள் செக்‌ஷன் ஆபீசர் என்னிடம் வந்து, நீ ஜெனரலில் ஜெயித்து வந்தவன், நீ எதற்கு அவன் பக்கம் நிற்கிறாய் என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீவு விண்ணப்பம் எழுதும் முன்பே ஊருக்கு அனுப்பிவைத்தவர். அவருக்கு ‘மெரிட்’ என்பது கண்ணால் பார்க்கக்கூடிய பொருள். எனக்கு அது என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் கிடைத்த ஊர், கிடைக்காத ஊர் என்ற வித்தியாசம். என் இந்தியில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மீட்டிங் வந்துவிட்டது.

தெருவில் வேறு கதை. மண்டலை எதிர்த்து எய்ம்ஸ் சந்திப்பை மாணவர்கள் அடிக்கடி மறிப்பார்கள். டி.டி.சி. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொல்வார்கள். அங்கேதான் அந்த பாலிஷ் போராட்டம் பார்த்தேன். படித்த பிள்ளைகள், வெள்ளைக் கோட்டு, கையில் செர்ரி பிளாசம் டப்பா, பிரஷ். மண்டல் வந்தால் எங்களுக்கு இதுதான் வேலை என்று காட்டுவதற்காக இறங்கி வருகிறவர்களின் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார்கள். என்னையும் ஒரு பையன் காலை நீட்டச் சொன்னான். என் காலில் ஹவாய் செருப்பு. அவன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நிஜமாகவே அந்தத் தொழில் செய்கிற பெரியவர், பெட்டியை மூடி வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு வியாபாரம் போயிருக்கும். அந்தப் போராட்டம் தன்னைப் பற்றியதும்தான் என்று யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களா தெரியாது.

செப்டம்பர் 19, தேஷ்பந்து கல்லூரி மாணவர் ராஜீவ் கோஸ்வாமி தீக்குளித்தார். அதற்கப்புறம் ஊர் ஊராகப் பிள்ளைகள். அதை எந்தப் பக்கத்தில் நின்றும் நியாயப்படுத்தவோ கேலி செய்யவோ முடியாது. ராஜீவ் கோஸ்வாமி பிழைத்தார், உடம்பு தேறாமலேயே 2004இல் போய்ச் சேர்ந்தார். வி.பி.சிங் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச ஒரு வழியைத் திறந்திருக்க வேண்டும். அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டதும்தான் தெரு அடங்கியது.

2 டிசம்பர்

இன்று வி.பி.சிங் பதவியேற்ற நாள். அதற்கு முந்தின நாள், 1989 டிசம்பர் 1, நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நடந்த கூத்து தெரியாதவர்களுக்காக: ஜனதா தள எம்.பி.க்கள் கூட்டம். வி.பி.சிங் எழுந்து தேவிலால் பெயரை முன்மொழிகிறார். சந்திரசேகர் வழிமொழிகிறார், வி.பி.சிங் வராமல் போனால் போதும் என்ற சந்தோஷம் அவருக்கு. தேவிலால் தேர்வானதாக மது தண்டவதே அறிவிக்கிறார். தேவிலால் எழுந்து, எல்லோரும் என்னைப் பெரியப்பா என்கிறீர்கள், பெரியப்பாவாகவே இருந்துவிடுகிறேன், வி.பி.சிங் பிரதமராகட்டும் என்கிறார். அஜித் சிங் வழிமொழிய, முடிந்தது கதை. சந்திரசேகர் வெளியே போய்விட்டார். ஏற்கெனவே பேசி வைத்த நாடகம், அவருக்கு மட்டும் வசனம் கொடுக்கவில்லை.

நேர்மையாளர் என்று பெயரெடுத்தவரின் ஆட்சி ஆரம்பமே இப்படி. பதினோரு மாதம் கழித்து சந்திரசேகர் கட்சியை உடைத்து வட்டியோடு வசூலித்தார்.

8 டிசம்பர்

மிக்ஜாம் புயல் புண்ணியத்தில் கரண்ட் இல்லை, நெட் இல்லை, வீட்டு வாசலில் படகு. இப்போதுதான் பார்க்கிறேன், இழை எங்கேயோ போயிருக்கிறது.

காஷ்மீர் பற்றிக் கேட்டவருக்கு. இதில் அவரைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை. 1989இல் இதே டிசம்பர் 8, உள்துறை அமைச்சர் முஃப்தி முகமது சயீதின் மகள் ரூபையா கடத்தப்பட்டார். பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. மத்திய அமைச்சர்கள் குஜ்ராலையும் ஆரிஃப் முகமது கானையும் ஸ்ரீநகருக்கு அனுப்பினார்கள். முதல்வர் ஃபரூக் அப்துல்லா வேண்டாம் என்றார். 13ஆம் தேதி ஐந்து தீவிரவாதிகளை விட்டார்கள், பெண் வீடு திரும்பினார். ஸ்ரீநகர் தெருவில் கொண்டாட்டம். துப்பாக்கிக்கு டெல்லி பணியும் என்ற பாடத்தைப் பள்ளத்தாக்கு முழுவதும் அன்று படித்தது. ஜனவரியில் ஜக்மோகனைக் கவர்னராக அனுப்பினார்கள், ஃபரூக் ராஜினாமா செய்தார், பண்டிட்டுகள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜம்மு கூடாரங்களுக்கு ஓடினார்கள், அதே வாரங்களில் ஊர்வலங்கள் மேல் துப்பாக்கிச் சூடு. விதைத்தது அவர் இல்லை, 1987 தேர்தல் மோசடி காங்கிரஸ்–ஃபரூக் கூட்டில் நடந்தது. ஆனால் அறுவடைக் காலத்தில் வயலில் நின்றவர் அவர். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சிலை திறப்பில் இதைப் பேச மாட்டார்கள். இங்கே பேசலாம்.

9 டிசம்பர்

இல்லை, பெண்ணை விடுவித்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பெண் என்றால் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. 1999இல் கந்தகாருக்கு விமானத்தில் மூன்று பேரை அழைத்துப்போய் விட்டவர்களிடமும் கிடையாது.

14 டிசம்பர்

“மண்டல் போட்டதால்தான் கமண்டலம் வந்தது, பி.ஜே.பி.யை வளர்த்ததே வி.பி.சிங்” – இதை விதவிதமாக எழுதியிருக்கிறார்கள். கமண்டலம் என்றால் ராமர் கோயில் அரசியல். பாதி உண்மை. ஆனால் நீங்கள் பிடிக்கிற பாதி வேறு.

பி.ஜே.பி. 1984இல் இரண்டு இடம். 1989இல் 85. இந்தத் தாவல் மண்டலுக்கு முன்பே நடந்துவிட்டது. எப்படி? காங்கிரஸ் எதிர்ப்பு ஓட்டு சிதறக் கூடாதென்று பல மாநிலங்களில் ஜனதா தளமும் பி.ஜே.பி.யும் தொகுதிகளைப் பங்குபோட்டுக்கொண்டன. பிரசாரத்தில் போஃபர்ஸ் பீரங்கி ஊழல் ஒன்றுதான் பேச்சு. ராஜீவை இறக்கினால் போதும், யார் தோளில் ஏறினாலும் சரி என்ற அவசரம். ஒரு பக்கம் இடதுசாரி, ஒரு பக்கம் பி.ஜே.பி., இரண்டு பேரும் வெளியிலிருந்து ஆதரவு. என் கணக்கில் அந்தத் தொகுதிப் பங்கீடுதான் அவர் செய்த பெரிய பிழை. மண்டல் அல்ல.

ராமர் கோயிலுக்காக அத்வானியின் ரதம் 1990 செப்டம்பர் 25 சோமநாத்தில் கிளம்பியது. மண்டல் வந்து அதை அவசரப்படுத்தியது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அயோத்தி பூட்டு திறந்தது 1986, அங்கே அடிக்கல் நாட்டியது 1989 நவம்பர், இரண்டும் ராஜீவ் காலம். அக்டோபர் 23 சமஸ்திபூரில் லாலு அத்வானியைக் கைது செய்தார், அன்றே பி.ஜே.பி. ஆதரவு வாபஸ். விட்டுக்கொடுத்திருந்தால் நாற்காலி இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். நவம்பர் 7 வாக்கெடுப்பில் ஆதரவு 142, எதிர்ப்பு 346. காங்கிரஸும் பி.ஜே.பி.யும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்ட அபூர்வ நாள்.

போஃபர்ஸ் பற்றி ஒரு வரி: சுவிஸ் கணக்கு, கமிஷன் என்று மேடைக்கு மேடை முழங்கியவர், பிரதமரானதும் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்ததோடு நின்றது. 2004இல் டெல்லி உயர்நீதிமன்றம் ராஜீவ் மீதான லஞ்சக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. ‘ராஜா நஹீன் ஃபகீர் ஹை’ (ராஜா இல்லை, பக்கிரி) என்று டெல்லி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கத்தியவர்களில் எங்கள் ஆபீஸ் பையன்களும் உண்டு. அடுத்த வருஷம் அதே பையன்கள் அவர் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள்.

23 டிசம்பர்

கேட்டவற்றுக்கு மளமளவென்று:

காவிரி நடுவர் மன்றம் அவர் கொடுத்த பரிசு என்பது மிகை. தஞ்சை விவசாயிகள் 1983இலேயே கோர்ட்டுக்குப் போனார்கள். 1990 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு மாதத்துக்குள் அமைக்கச் சொன்னது, ஜூன் 2 அமைத்தார். ஆனால் கர்நாடகத்து எம்.பி. கணக்குப் பார்த்து இழுத்தடிக்க வழி இருந்தும் இழுக்கவில்லை. இழுத்தவர்களை அதற்கு முன்னும் பின்னும் பார்த்துவிட்டோமே.

இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படை (ஐ.பி.கே.எஃப்.) திரும்பியது: தொடங்கியது ராஜீவ் காலத்தில், இலங்கை அதிபர் பிரேமதாசா நெருக்கியதால். முடித்தது இவர், 1990 மார்ச் 24. பாதிப் பாதி.

சென்னை விமான நிலையத்தில் அண்ணா பெயரும் காமராஜர் பெயரும் இவர் ஆட்சியில்தான் வந்தன, கலைஞர் கேட்டு.

1989 தேர்தலில் தி.மு.க.வுக்கு ஒரு எம்.பி. கூட இல்லை. அப்படியும் மாநிலங்களவையில் இருந்த முரசொலி மாறனைக் கேபினட் அமைச்சராக்கினார். எண்ணிக்கைக்குத் தகுந்த மரியாதை கொடுப்பதுதான் டெல்லி வழக்கம். இவர் வழக்கத்தை மீறினார். இவர் ஆட்சிக்கு வந்த கூட்டணியான தேசிய முன்னணியின் தொடக்கமே 1988 செப்டம்பர் 17இல் சென்னைக் கடற்கரையில் நடந்த கூட்டம்தான். அதனால் மாநிலக் கல்லூரிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர், சாலையைக் கடந்து எதிரே மணலைப் பார்க்கவும்.

குவைத்: ஆமாம், சதாமின் ஈராக் அதைப் பிடித்தபோது ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை விமானத்தில் அழைத்துவந்தது இவர் அரசு. சதாமைக் குஜ்ரால் கட்டிப்பிடித்த போட்டோ மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம்.

27 டிசம்பர்

நிதியமைச்சராக இருந்ததைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே. 1985 பட்ஜெட்டில் வருமான வரி உச்ச விகிதத்தை 61.875இலிருந்து 50க்கு இறக்கினார். மறுவருஷம் மாட்வாட், அதாவது மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் முறை. இன்றைய ஜி.எஸ்.டி.க்குக் கொள்ளுத்தாத்தா அது. வரியைக் குறைத்துவிட்டு, இனிமேலும் ஏய்த்தால் விடமாட்டேன் என்று பெரிய பெரிய வீடுகளில் ரெய்டு. தொழிலதிபர்கள் நடுங்கினார்கள். ராஜீவ் அவரை 1987 ஜனவரியில் பாதுகாப்புத் துறைக்கு மாற்றினார். அங்கே போய் நீர்மூழ்கிக் கப்பல் கமிஷனுக்கு விசாரணை உத்தரவு போட்டார். ஏப்ரலில் ராஜினாமா. இந்த மனிதரை எந்த நாற்காலியில் வைத்தாலும் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தூக்கம் போய்விடும்.

ராஜினாமா அவருக்குப் பழக்கம். உ.பி. முதல்வராக இருந்தபோது கொள்ளையர்களை ஒடுக்குவேன் என்றார். 1982இல் அவர் அண்ணன், நீதிபதி, கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருஷமே ஒடுக்க முடியவில்லை என்று சொல்லிப் பதவியை விட்டார். அந்த வேட்டையில் போலி என்கவுன்டர்கள் நடந்ததாக முலாயம் சிங் அப்போது கூச்சல் போட்டதும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சுடப்பட்டவர்களில் நிறையப் பேர் அவர் பின்னாளில் யாருக்காக ஆட்சியை இழந்தாரோ அந்த ஜாதிகள் என்று அன்றே குற்றச்சாட்டு இருந்தது.

1996இல் தேடி வந்த பிரதமர் பதவியை வேண்டாம் என்றதும் அதே ரகம். ஐக்கிய முன்னணித் தலைவர்கள், கலைஞர் உட்பட, வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்க, மனிதர் காரில் ஏறி ரிங் ரோட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போதே கிட்னி போயிருந்தது. 1993 பம்பாய்க் கலவரத்தின்போது தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்ததில் கெட்டது என்பார்கள். டயாலிசிஸ், நடுவில் ஓவியம், இந்திக் கவிதை. குடிசைகளை இடிக்கும்போது போய் புல்டோசர் முன் நிற்பார்.

போனது 2008 நவம்பர் 27. முந்தின இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியிருந்தது. தாஜ் ஓட்டல் எரிந்துகொண்டிருந்த படத்துக்கு அடியில் ஓடிய ஒரு வரியில்தான் எனக்குத் தெரிந்தது. நான் வரியைப் படிப்பதற்குள் ஓடிவிட்டது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து படித்தேன்.

7 ஜனவரி 2024

புத்தாண்டில் நல்ல சண்டை. “மண்டலால் பலன் அடைந்தது யாதவ், குர்மி, ஜாட் மாதிரி வலுவானவர்கள்தான், நாவிதர், வண்ணார், குயவர் எங்கே?” என்று ஒருவர். ஜாட் மத்தியப் பட்டியலில் அப்போது இல்லை. ஜாட் தலைவரான தேவிலாலின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். மீதிக் கேள்வி சரியான கேள்வி. ஓ.பி.சி.க்குள் உட்பிரிவு பற்றி ஆராய்ந்த ரோகிணி ஆணையம் 2018இல் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட ஓ.பி.சி. இடங்களைப் பார்த்தது: 97 சதவீதம் போனது கால்வாசி ஜாதிகளுக்கு. 983 சமூகங்களுக்கு ஒன்றுமே இல்லை.

இது பின்னால் தெரிந்த விஷயமும் இல்லை. மண்டல் ஆணையத்திலேயே இருந்த ஒரே தலித் உறுப்பினர் எல்.ஆர்.நாயக் அறிக்கையை ஏற்காமல் மாறுபட்ட குறிப்பு எழுதினார். பிற்பட்டவர்களை இரண்டாகப் பிரியுங்கள், கைவினை, சேவை ஜாதிகளுக்குத் தனியே 15 சதவீதம் வையுங்கள், இல்லாவிட்டால் நிலம் வைத்திருப்பவன் சாப்பிட்டுவிடுவான் என்று. 1990 ஓ.எம்.மில் அது இல்லை. இங்கே கலைஞர் 1989இல் எம்.பி.சி.க்குத் தனியாக 20 பிரித்திருந்தார், பக்கத்திலேயே உதாரணம் இருந்தது. முதலில் கதவு திறக்கட்டும், வரிசையைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்திருப்பார்கள். வரிசையை முப்பது வருஷத்துக்கு மேலாக யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 28 அன்று “வி.பி.சிங்கால் கட்டம் வந்தது” என்று எழுதினேன். அதில் ஒரு சிக்கலையும் சேர்க்க வேண்டும். கட்டம் நிஜமாக விண்ணப்பத்தில் ஏறியது 1993 செப்டம்பர் 8 உத்தரவால், அப்போது பிரதமர் நரசிம்ம ராவ். 1992 நவம்பர் 16 இந்திரா சஹானி தீர்ப்பு 27 சதவீதத்தை ஏற்றது, 50 சதவீத உச்சவரம்பு போட்டது, கிரீமி லேயரை, அதாவது பிற்பட்டவர்களிலேயே வசதியானவர்களை, கழிக்கச் சொன்னது. ராவ் தன் பங்குக்கு முற்பட்ட ஜாதி ஏழைகளுக்கு 10 சதவீதம் சேர்த்திருந்தார், அதைத் தீர்ப்பு வெட்டியது. வெட்டிய அந்தப் பத்து 2019இல் திரும்பி வந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது, தேதி நவம்பர் 7. வி.பி.சிங் கவிழ்ந்த அதே நவம்பர் 7. டெல்லி காலண்டருக்குக் குசும்பு அதிகம்.

மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் ஓ.பி.சி. இடம் 2006 சட்டம், அர்ஜுன் சிங். மறுபடியும் எய்ம்ஸில் போராட்டம். 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோது வி.பி.சிங் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு ஒரு சின்ன திருப்தி. எங்கள் தெருப் பையன் அடுத்த வருஷமே அந்த ஒதுக்கீட்டில் ஒரு மத்தியக் கல்லூரியில் சேர்ந்தான். இவர் யாரென்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. மன்மோகனுக்கு முன்னாடி இருந்தவரா அங்கிள் என்பான்.

24 ஜனவரி

கர்ப்பூரி தாக்கூருக்கு பாரத ரத்னா! நாவிதர் வீட்டுப் பிள்ளை. 1978இலேயே பீகாரில் மிகவும் பிற்பட்டவர்களுக்குத் தனிப் பங்கு, பெண்களுக்குப் பங்கு, முற்பட்ட ஏழைகளுக்கும் பங்கு என்று பிரித்துக் கொடுத்தவர். எல்.ஆர்.நாயக் கேட்டதைக் கேட்பதற்கு முன்பே செய்தவர். போன அக்டோபரில் பீகார் ஜாதிக் கணக்கெடுப்பு, இப்போது இந்த விருது. மூன்று மாதத்தில் தேர்தல் என்பது தற்செயல் என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

அரசியல் கணக்கு என்று முதல் கேள்வி கேட்ட தம்பி, இதையும் அதே தராசில் போடுவீர்களா?

10 பிப்ரவரி

பாரத ரத்னா பட்டியல் நீண்டுவிட்டது. 3ஆம் தேதி அத்வானி. நேற்று நரசிம்ம ராவ், சரண் சிங், எம்.எஸ்.சுவாமிநாதன். “வி.பி.சிங்குக்கு எப்போது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்குப் பார்ப்போம். மண்டல் ஆணையத்தை அமைத்த மொரார்ஜிக்கு 1991இலேயே கொடுத்தாகிவிட்டது. அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்ட இந்திராவுக்கு ஏற்கெனவே இருந்தது. அதை எதிர்த்து 1990 செப்டம்பரில் மக்களவையில் மணிக்கணக்கில் பேசிய ராஜீவுக்கு 1991. உத்தரவை நடைமுறைக்குக் கொண்டுவந்த ராவுக்கு இப்போது. எதிரே ரதம் ஓட்டியவருக்கும் இப்போது. நடுவில் கையெழுத்துப் போட்டவர் மட்டும் பாக்கி. அவர் பிரதமராக இருந்தபோது அம்பேத்கருக்கும் மண்டேலாவுக்கும் கொடுத்தார். அம்பேத்கர் படம் மைய மண்டபத்தில் ஏறியதும் அந்த ஏப்ரலில்தான். சுதந்திரம் கிடைத்து 43 வருஷம் அந்தச் சுவரில் இடம் இல்லாமல் இருந்ததா என்று கேட்காதீர்கள், எனக்கும் கோபம் வரும்.

எப்போது கிடைக்கும் என்றால், அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க ஒரு கட்சி வேண்டும். முலாயம் 1992இலேயே தனிக்கடை. அப்புறம் நிதிஷ், லாலு, பட்நாயக், கவுடா என்று ஜனதா தளத்தை ஆளுக்கொரு துண்டாக எடுத்துப் போய்விட்டார்கள். ஒருவர் கடையிலும் இவர் படம் முன்வரிசையில் இல்லை. பிறந்த ஜாதி, தாக்கூர்கள், மண்டலுக்காக மன்னிக்கவில்லை. மண்டலால் பலன் பெற்றவர்களுக்குச் சொந்தத் தலைவர்கள் வந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது சென்னை மட்டும்தான், அதனால்தான் சிலை இங்கே இருக்கிறது. முதல் நாள் கேள்விக்கு இதையும் பதிலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேவகவுடாவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்ட பெங்களூர் நண்பருக்கு: தாராளமாக. தனி இழை ஆரம்பியுங்கள். இதிலேயே ஆரம்பித்தால் காவிரியில் போய் முடியும், நானும் உங்களோடு சண்டை போட வேண்டி வரும்.